எல்லா மூட்டும் அதனதன் இடத்தில்

இந்த நாற்காலியை வாங்கியவர் யாராக இருந்தாலும், அவருக்கு ஒருநாளும் இடுப்பு வலித்ததில்லை. முதுகு சாயும் இடத்தில் ஒரு கம்பி குறுக்கே போகிறது பாருங்கள், அது போகக் கூடாத இடமே அதுதான். குறை சொல்லவில்லை. எனக்கு நல்ல முதுகு, எதில் வேண்டுமானாலும் உட்காருவேன். எங்கே போனாலும் முதலில் நாற்காலியைப் பார்ப்பது எனக்குப் பழகிப்போய்விட்டது. என் தங்கையால் இதில் ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கிற நேரம்கூட உட்கார முடியாது. முடிந்திருக்காது என்று சொல்ல வேண்டும், மன்னியுங்கள்.

கேட்டபடி முதலிலிருந்தே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். வக்கீல் வேண்டாம் என்று ஏற்கனவே சொல்லிவிட்டேன். நேற்று உங்களிடம் சொன்னது பொய். அவள் படியில் விழவில்லை. நான் நன்றாகத்தான் ஜோடித்துச் சொன்னேன், நீங்களும் தலையாட்டிக்கொண்டு எழுதினீர்கள். உங்கள் டாக்டர் அவளைத் தொட்டுப் பார்த்ததும் அந்தப் பொய்க்கு ஆயுசு முடிந்தது. செத்துப்போன பொய்யைக் கட்டிக்கொண்டு அழுவதில் எனக்கு விருப்பமில்லை.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். மூக்கில் நிற்காமல் வழிகிற கண்ணாடி, ஒரு காது மேலே ஒரு காது கீழே என்று கோணிக்கொண்ட கண்ணாடி, குழந்தை மிதித்த கண்ணாடி எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். பிளாஸ்டிக் சட்டத்தை அவசரப்பட்டு வளைத்தால் பட்டென்று உடைந்துவிடும். சூடான காற்றில் காட்டிக் காட்டி, அது இளகுகிற நேரம் பார்த்து வளைக்க வேண்டும். அந்த நேரம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். எங்கள் முதலாளி யாரையும் வாயாரப் பாராட்டுகிற ரகமில்லை. அவரே என் கையைப் பற்றி வருகிறவர்களிடம் பெருமை பேசுவார். எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் முரட்டுக் கைக்காரி இல்லை. என் தங்கையை நான் ஒருநாளும் அடித்ததில்லை. கை ஓங்கியதுகூட இல்லை.

அவளுக்கும் எனக்கும் ஐந்து வயது வித்தியாசம். குழந்தையாக இருந்தபோது தூக்கினால் கையில் நிற்க மாட்டாள், வழிந்துவிடுவாள் என்று அம்மா சொல்வாள். பள்ளிக்கூடத்தில் கட்டை விரலை மடக்கி முன்கையோடு ஒட்டவைத்துக் காட்டுவாள், முழங்கையைப் பின்பக்கமாக வளைப்பாள். பிள்ளைகள் 'ரப்பர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவளைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். நான் பக்கத்தில் நின்று, "தள்ளி நில்லுங்கடா, மேல விழாதீங்க" என்று மேய்ப்பேன். எனக்கென்று காட்ட ஒன்றுமில்லாததால் அவளைக் காட்டுவதே பெருமையாக இருந்தது.

அந்த வேடிக்கைக்கெல்லாம் அவள் உடம்பு பிறகு வட்டியும் முதலுமாக வாங்கியது. முழங்கால் வலி, இடுப்பு வலி, பேனா பிடித்தால் விரல் வலி. தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகும். மேஜை முனை லேசாக உரசினால் தோல் நனைந்த காகிதம் மாதிரி கிழியும். அம்மா, "வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்" என்றாள். அப்பா, "அதெப்படி பரீட்சைன்னா மட்டும் சொல்லிவச்ச மாதிரி வலிக்குது?" என்றார். டாக்டர்கள் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஒருவர், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். வெளியே வந்து தெருவில் நின்று நாங்கள் சிரித்த சிரிப்பில் அவளுக்குத் தாடை இடம் மாறிவிட்டது. அங்கேயே சுவரோரமாக நிற்கவைத்து நான்தான் அதைச் சரியாக்கினேன். அதற்குள் எனக்கு அந்த வேலை கைவந்திருந்தது.

முதல் தடவை நடந்ததைச் சொல்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இல்லை. அவள் அலமாரி மேல்தட்டிலிருந்து போர்வையை இழுத்தாள். போர்வை வந்தது, கூடவே தோளும் வந்துவிட்டது. அவள் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள், சத்தம் வரவில்லை. தோள் இருக்க வேண்டிய இடம் பள்ளமாகவும் அக்குள் பக்கம் மேடாகவும் இருந்தது. தரையில் படுக்கவைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, அவள் மூச்சை விடுகிற நேரமாகப் பார்த்து இழுத்துத் திருப்பினேன். யாரும் சொல்லித்தரவில்லை. எலும்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது எனக்கு உள்ளங்கையில் தெரிந்தது. அதன் பிறகு அவள் முகம்.

இதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். பெரிய வலி நிற்கிற அந்த ஒரு நொடியில் மனித முகம் எப்படி ஆகும் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நெற்றி விரியும். கண் நனைந்து தெளிந்து, எதிரில் இருப்பவரைப் பார்க்கும். அந்தப் பார்வையில் கோபமோ சந்தேகமோ எதுவும் இருக்காது. என்னை அதற்கு முன் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பிற்பாடு எனக்கும் ஒரு கல்யாணம் நடந்து ஓராண்டில் கலைந்தது, அந்த மனுஷனும் பார்த்ததில்லை. நான் அழுதுவிட்டேன். அவளே என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "எனக்குத்தானே வலிச்சுது, நீ ஏன்க்கா அழற?" என்றாள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். மாடி வீடு. என் கல்யாணம் முறிந்து நான் திரும்பி வந்தபோது, ஊரே என்னைப் பாவம் என்றது. அவள் மட்டும், "நல்ல வேளை வந்துட்ட" என்றாள். அவளுக்கு டாக்ஸி கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தபடியே போன் எடுத்து, எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டு வண்டி அனுப்புவாள். எங்கேயும் போக முடியாதவள் ஊரையே அனுப்பிவைக்கிறாள் என்று நான் கிண்டல் செய்வேன்.

அவளோடு வாழ்வது எப்படி என்று கேட்டீர்கள். பாட்டில் மூடி எல்லாவற்றையும் நான் திறந்து, லேசாக மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போவேன். பேனா, கரண்டி, பல் தேய்க்கிற பிரஷ் எல்லாவற்றின் பிடியிலும் ஸ்பாஞ்ச் சுற்றியிருக்கும். சட்டைக்கு முன்பக்கம்தான் பொத்தான். படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை, தோளுக்கு அண்டக் கொடுத்து ஒன்று, கழுத்துக்கு ஒரு சுருட்டிய துண்டு. சாதாரண பிளாஸ்திரி ஒட்டினால் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிடும், அதனால் வீட்டில் காகித டேப் மட்டும்தான். நன்றாக இருக்கிற நாளில் ஜன்னலைத் துடைப்பாள், துணி மடிப்பாள், பாட்டுக்கூடப் பாடுவாள். அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாள் எழுந்திருக்க மாட்டாள். பார்க்கிறவர்கள் அந்த நல்ல நாளைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, உனக்கென்ன நன்றாகத்தானே இருக்கிறாய் என்பார்கள். அதைக் கேட்டால் எனக்கு உச்சந்தலைக்கு ஏறும். அவளுக்காக நான் எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா? அவள் வலியை அவளைத் தவிர நம்பியது உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

வெகுகாலம் கழித்து ஒரு வயதான டாக்டர் கிடைத்தார். அவள் சுண்டு விரலைப் பின்னால் வளைத்துப் பார்த்தார், கழுத்துத் தோலை இழுத்துப் பார்த்தார், பழைய தழும்புகளைப் பார்த்தார். உடம்பின் பாகங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கிற பசை அவளுக்குப் பிறவியிலேயே நீர்த்துப்போயிருக்கிறது என்றார். இணைப்புத் திசுக் கோளாறு என்று எழுதிக்கொள்ளுங்கள்.  வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும், "எனக்கு நிஜமாவே வியாதிதான்க்கா" என்று பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி சொல்லி அழுதாள்.

நீங்கள் அடிக்கடி வலது மணிக்கட்டை உதறிக்கொள்கிறீர்கள். கட்டை விரல் பக்கம் இழுக்கிறதா? கொடுங்கள், பார்க்கிறேன். வேண்டாமா? சரி.

அந்த டாக்டர்தான் பிசியோவை அனுப்பினார். சின்னப் பெண், வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. வாரத்துக்கு இரண்டு தடவை மத்தியானம் வந்துபோவாள், நான் கடையில் இருக்கும் நேரம். பசை இல்லாவிட்டால் தசையை வைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்பது அவள் கொள்கை. ஒரு ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, ஒரு சாண் இழு, விடு. அவ்வளவுதான் பயிற்சி. முதல் மாதம் என் தங்கை அந்தப் பட்டையைப் பார்த்தாலே அழுவாள். நான்தான், "பண்ணு பாப்பா, நல்லதுக்குத்தானே" என்று உட்காரவைப்பேன். நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பலன் இருந்தது. நாளொன்றுக்கு ஒரு மூட்டாவது நழுவிக்கொண்டிருந்தவளுக்கு வாரம் முழுக்க ஒன்றும் நழுவவில்லை. நான் வேலை முடிந்து படியேறும்போது, "அக்கா, இன்னிக்கு ஒண்ணுமே ஆகல!" என்று உள்ளேயிருந்தே சொல்வாள். எனக்கும் சந்தோஷம்தான். கையைக் கழுவிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்காருவேன். செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அவள் போனில் பிசியோவிடம் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பாள். என்னைப் பார்ப்பாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி. எனக்குக் கை அரித்தது என்றால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

ஒருநாள் சாயங்காலம் அவள் சட்டை மாற்ற நான் உதவி செய்தேன். கையைச் சட்டைக் கையிலிருந்து எடுக்கும்போது கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டேன். தோள் வெளியே வந்துவிட்டது. உடனே போட்டும் விட்டேன். அந்த முகம் திரும்ப வந்தது. அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் என்னக்கா பண்ணுவேன்" என்றாள். அது தற்செயல். எப்படியும் நழுவ இருந்த தோள்தான் அது. அடுத்த தடவை தற்செயல் இல்லை. ஆனால் அப்போதும் நான் நினைத்தது, வெளியே வரப்போகிற மூட்டு அவள் தனியாக இருக்கும்போது வருவதைவிட நான் பக்கத்தில் இருக்கும்போது வந்தால் நல்லதில்லையா என்றுதான். நீங்களே யோசித்துப் பாருங்கள், அதில் நியாயம் இருக்கிறது.

விரல்கள் சுலபம். பிறகு மணிக்கட்டு. முழங்கால் சில்லு, கால் நீட்டியிருக்கும்போது உள்ளங்கையால் தள்ளினாலே பக்கவாட்டில் ஓடிவிடும். தூக்கத்தில் செய்தால் அவள் பாதி விழிப்பில் அலறுவாள், நான் "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிடுவேன். கன்றிப்போனால் வியாதி. தோல் கிழிந்தால் வியாதி. வீங்கினாலும் வியாதி. அவள் உடம்பில் எதைப் பார்த்தாலும் யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். இதை நான் திட்டம் போட்டு ஏற்படுத்தவில்லை, அது அங்கே தயாராக இருந்தது.

அவளுக்குச் சந்தேகம் வந்தது. முட்டாள் இல்லையே. ஒருநாள் காலையில் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"அக்கா, நீதான் இழுக்கிறியா?"

"என்னத்த?"

"கைய. தூங்கறப்ப."

"மாத்திரை போட்டுக்கிட்டுத் தூங்கற. கனவு கண்டிருப்ப."

"கனவுல உன் மோதிரம் எப்படிக்கா குத்தும்?"

நான் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். அதன் பிறகு போட்டுக்கொள்ளவில்லை.

அவள் டாக்டரிடமும் சொன்னாள். அந்த வயதான டாக்டர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அந்த இடத்தில் வேறொருவர். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னாள். தைரியசாலிதான், நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"டாக்டர், இது தானா நழுவல. எங்க அக்கா இழுக்கிறா."

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். எப்போதுமே என்னைத்தான் பார்ப்பார்கள். இத்தனை வருஷமும் எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்பதை அவள் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள், நான் ஆமாம் என்றால்தான் எழுதுவார்கள். வலிக்காரி பேச்சைவிடப் பக்கத்தில் நிற்பவள் பேச்சுக்கு மதிப்பு அதிகம். அதற்காக நான் அவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன் என்று சொன்னேனே. அன்றைக்குச் சண்டை போடவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டேன்.

"ராத்திரி மாத்திரை கொஞ்சம் ஜாஸ்தியோ என்னவோ டாக்டர், கொஞ்ச நாளா இப்படித்தான் பேசறா" என்றேன். குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை, எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாக இருந்தது.

டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். கிளம்பும்போது என்னிடம், "நீங்களும் உடம்பப் பாத்துக்கோங்கம்மா, பக்கத்துல இருந்து பாக்கறவங்க கஷ்டம் யாருக்கும் தெரியறதில்ல" என்றார். 

பிசியோ மட்டும் அவளை நம்பினாள். தசை நாளுக்கு நாள் பலமாகிறது, நழுவுவதும் கூடிக்கொண்டே போகிறது, இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று அவளுக்குக் கேள்வி. அதுவும் மத்தியானம் நழுவுவதில்லை, நான் வீட்டில் இருக்கும்போதுதான் நழுவுகிறது. ஒருநாள் வேண்டுமென்றே நேரம் கழித்து வந்து எனக்காகக் காத்திருந்தாள். சிரிப்பைக் காணோம்.

"ஒண்ணு சொல்லணும். தோள், முட்டி எல்லாம் போகட்டும். கழுத்து அப்படி இல்ல. அவங்களுக்குக் கழுத்த யாரும் இழுக்கக் கூடாது, திருப்பக் கூடாது. விளையாட்டுக்குக்கூட. உயிரே போயிடும். புரியுதா?"

"எதுக்கு எங்கிட்ட சொல்ற?"

"வீட்டுல நீங்க ரெண்டு பேர்தானே இருக்கீங்க."

நான் புரிகிறது என்றேன். கழுத்தை நான் அதுவரை தொட்டதே இல்லை. அதற்குப் பிறகும் தொடவில்லை, ஞாயிற்றுக்கிழமை வரை.

பிசியோ தன் கிளினிக் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொடுத்திருந்தாள். தரைத்தளம், படி இல்லை, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. என்னிடம் சொல்லாமலே எல்லாம் முடிவாகியிருந்தது. சனிக்கிழமை நான் வந்தபோது அவள் தலையணைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "நாளைக்கு மத்தியானம் கார் வருதுக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என் கை எட்டாத தூரத்தில், மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னாள். நான் சமைத்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அந்தத் தாழ்ப்பாளை நகர்த்த அவளுக்கு இரண்டு கையும் வேண்டும். நகர்த்தினாள்.

ஞாயிறு காலையில் நல்ல வெயில். ஜன்னல் திறந்திருந்தது. கீழ்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கிளம்பி, ஷூ மாட்டிக்கொண்டு, கூடத்தில் பெட்டி பக்கத்தில் நின்றாள். தோள் நழுவாமல் பிடிக்கிற கட்டு மட்டும் போட வேண்டும், அதை ஒற்றை ஆளாகப் போட முடியாது. பிசியோ வரட்டும் என்று கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"குடு, நான் போட்டு விடறேன்" என்றேன்.

"வேணாம்க்கா."

"கடைசியா ஒரு தடவ. இத்தன வருஷம் போட்டேனே."

அவளுக்கு இரக்க சுபாவம். வந்து முதுகைக் காட்டி நின்றாள்.

நான் கட்டைப் போடத்தான் போனேன். அந்தத் தோள் என் கைக்குள் இருந்தது. ரப்பர் பட்டையை இழுத்து இழுத்து அது இறுகியிருந்தது, முன்பு மாதிரி இளகிக் கொடுக்கவில்லை. முழு பலத்தையும் போட வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது உள்ளே ஏதோ கிழிந்த சத்தமும் கேட்டது. அவள் முழங்கால் மடங்கிக் கீழே உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதும் போல, "இரு, போட்டுடறேன்" என்று கையை நீட்டினேன்.

அவள் நகர்ந்தாள். ஒற்றைக் கையை ஊன்றி, தரையில் தேய்த்துக்கொண்டே சோபா வரை போனாள். அதன் மேல் குப்புறச் சாய்ந்து, நழுவிய கையைக் கீழே தொங்கவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். பிசியோ சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கை மெல்லத் தளர்ந்தது. பிறகு அது தானாக உள்ளே போனது, யாரும் தொடாமல். அவள் தலையைத் திருப்பினாள். அந்த முகம் வந்தது, நெற்றி விரிந்து, கண் தெளிந்து. அதை அவள் சுவருக்குக் காட்டினாள். நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன், அவள் அந்தப் பக்கம் இருந்த வெறும் சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். முதலில் அதே தோள். பிறகு அடுத்த தோள், அந்தக் கையால்தான் அவள் என்னைத் தள்ளினாள். மணிக்கட்டைப் பிடித்தேன், அவள் உருவிக்கொண்டபோது முன்கைத் தோல் என் கையில் நின்றுவிட்டது. ரத்தம் அதிகமில்லை, அவளுக்கு எப்போதும் முதலில் வெளுக்கும், அப்புறம்தான் ரத்தம் வரும். கதவுப் பக்கம் ஊர்ந்தாள். முழங்கால் சில்லு இரண்டையும் தள்ளினேன். இடுப்பு மட்டும் சிரமம், காலை ஊன்றி இழுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தி அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். "போடட்டுமா? சொல்லு, போட்டுடறேன்" என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கேட்டேன், மேடம். ஒரு வார்த்தை 'போடு' என்றிருந்தால் போட்டிருப்பேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். என்னைப் பார்க்க மாட்டேன் என்பதில் அவ்வளவு பிடிவாதம். பார்க்கவைக்க வேண்டும் என்பதற்காகத்தான் தலையை என் பக்கம் திருப்பினேன். இரண்டு கையாலும் பிடித்து, முழுக்கத் திருப்பினேன்.

நழுவியது என் விரலுக்குத் தெரிந்தது. கண் திறந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

 பிறகு பார்த்தால், அவள் கையும் காலும் தாறுமாறாகக் கிடந்தன. அப்படி அவளை விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை. எந்த மூட்டையும் நான் வெளியே விட்டுவிட்டுத் தூங்கியவள் இல்லை. தோள் இரண்டையும் போட்டேன், மணிக்கட்டு, இடுப்பு, சில்லுகள், கடைசியில் விரல்கள். எதிர்ப்பு இல்லாததால் எல்லாம் சுலபமாக உட்கார்ந்தன. கிழிந்த தோலை இழுத்து மூடிக் காகித டேப் ஒட்டினேன். தலையணை மூட்டையைப் பிரித்து முழங்காலுக்குக் கீழே ஒன்று வைத்தேன், கழுத்துக்குத் துண்டைச் சுருட்டி வைத்தேன். அப்புறம்தான் படியில் விழுந்தாள் என்று சொல்ல வேண்டும் என்பதே தோன்றியது. வாசல் மணி அடித்தது, கதவைத் திறந்து பிசியோவை உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

உங்கள் டாக்டர் சொன்னதை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். மூட்டைச் சுற்றி எல்லாமே கிழிந்திருக்கிறது, ஆனால் கழுத்தைத் தவிர எல்லா மூட்டும் அதனதன் இடத்தில் இருக்கிறது, படியில் விழுந்து செத்தவளுக்கு யார் இதையெல்லாம் திரும்பப் பொருத்தியது என்று. நல்ல கேள்வி. அவற்றை அப்படியே விட்டிருந்தால் நான் இன்றைக்குக் கடையில் இருந்திருப்பேன். அது தெரிந்த பிறகும் சொல்கிறேன், திரும்ப நடந்தாலும் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அவளை நான்தான் கொன்றேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. கீழ்வீட்டுக்காரர் சத்தம் கேட்டும் மேலே வரவில்லை என்று அவர் மேல் கோபப்படாதீர்கள். வழக்கம்போல ஏதோ நழுவிவிட்டது, அக்கா பக்கத்தில் இருக்கிறாள், போட்டுவிடுவாள் என்று நினைத்திருக்கிறார். நீங்கள் கேட்கிறீர்கள், அவள் உதவிக்குக் கூப்பிட்டாளா என்று. கூப்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து திரும்புகிற வரைக்கும், "அக்கா, அக்கா" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். வேறு யாரைக் கூப்பிடுவாள், சொல்லுங்கள்?